பட்டாளத்து வாட்ச்

“ஒம்போது மணிக்கு கேட்டப் பூட்டிருவேன். அதுக்கு மேல யாரு வந்து அழுதாலும் தொறக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்!”

கொக்கிரகுளத்தில், அரசு வேலைக்கான பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலில் நின்று இப்படி முழங்கினார் காவலாளி சுடலைக்கண்ணு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பரீட்சை எழுத வந்த என் மனைவி ப்ரியா எட்டரைக்கே உள்ளே போய்விட்டாள். வள்ளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அசதி எனக்கு. மடியில் ஒன்றரை வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மார்கழிப் பனி ஆற்றிலிருந்து எழுந்து வந்து பாலத்தைப் பாதி மறைத்திருந்தது. எனக்கும் கண் சொருகியது.

“பரீட்சை எழுதறவங்க மாதிரி உங்ககிட்டயும் போனை வாங்கி வச்சுட்டாங்களே, மணி எப்படிப் பாப்பீங்க அண்ணாச்சி?” என்று கொட்டாவியோடு கேட்டேன்.

கையை நீட்டினார். தடித்த இரும்பு வாட்ச். கறுப்பு முகம், பச்சை எண்கள், கண்ணாடி முழுக்கக் கீறல்.

“சாவி கொடுக்குத வாட்ச் தம்பி, பேட்டரி கெடையாது. கண்ணிவெடி எடுக்குத வேலைக்குன்னே செஞ்சது. பன்னெண்டு வருசம் என்கூட வெடிக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்துருக்கு. ஒருநாளும் மக்கர் பண்ணல. மேடமே இத வச்சுத்தான் கேட்டப் பூட்டச் சொல்லிருக்காக.”

மேடம் என்று அவர் சொன்னது பரீட்சை மேற்பார்வையாளர் பெர்சிஸை.

வாட்சை என் காதருகே பிடித்தார். டிக் டிக் என்ற சத்தம் தாலாட்டு மாதிரி இதமாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

அப்புறம் கண்டது கனவா, நனவா என்று தெரியவில்லை. ஊரே அசையாமல் நின்றது. பனி நகரவில்லை. மதில் மேல் இருந்த காக்கை தலையைத் திருப்பவில்லை. பாலத்தின் மேல் ஒரு பெண் மட்டும் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஓடுகிறாள், ஓடுகிறாள், பாலம் தீரவே இல்லை. இவள் வந்து சேரவே மாட்டாள் என்று தோன்றியது.

அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வேலைக்குப் பத்தாயிரம் பேர். ஓர் ஆள் குறைந்தால் ப்ரியாவுக்கு நல்லதுதானே?

மகள் சிணுங்கினாள். விழித்துப் போனைப் பார்த்தேன். மணி ஒன்பது தாண்டி ஒரு நிமிஷம். கேட் திறந்தே கிடந்தது. பாலத்துப் பெண் கனவில்லை, சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, ஒம்போது தாண்டிட்டு. பூட்டுங்க!”

வாட்சை என் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டிவிட்டுக் கையை இறக்கினார். எட்டு ஐம்பத்தெட்டு.

“இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு தம்பி.”

அதற்குள் அவள் வந்துவிட்டாள். ஹால் டிக்கெட்டில் இசக்கிச்செல்வி என்றிருந்தது. முழங்கால் வரை சேலையில் புழுதி.

“முக்கூடல்ல இருந்து வாறேன். பஸ்ஸு வழியில ரிப்பேராயிட்டு. எனக்கு வயசு முடியுது, இதான் கடைசித் தடவ...”

“பேசாம உள்ள ஓடும்மா!”

எனக்கு வந்ததே கோபம்! “மேடம்! மணி ஒம்போது மூணு. இவரு இன்னும் ஆள விட்டுக்கிட்டு இருக்காரு!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பெர்சிஸ் மேடம் வேகமாக வந்தார். சுடலைக்கண்ணு வாட்சைப் பார்த்தார். உதறினார். காதில் வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“இது... நின்னு போச்சும்மா. நான் கவனிக்கல.”

“இத நம்பித்தான் உங்ககிட்ட கேட்ட விட்டேன்! பட்டாளம், வெடின்னு அத்தன பெருமை பேசினீங்களே! அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டு உக்காந்தாச்சு. வாட்ச் கோளாறுக்கு அவளை எழுப்ப முடியுமா? நாளைக்கு நீங்க வரவேண்டாம், வேற ஆளப் போட்டுக்கிடுதேன்.”

“சரிம்மா.”

“மியூசியத்துல வைக்கவேண்டிய சாமான்” என்றார் வாசலில் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தது நான்.

கேட்டைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

“வெடிக்குப் பக்கத்துல நிக்காத வாட்ச், கொக்கிரகுளத்துல நின்னுட்டு, என்ன?”

அவர் கோபப்படவில்லை. “இப்ப மணி என்ன தம்பி?” என்று கேட்டார்.

“ஒம்போது பதினொண்ணு.”

வாட்சின் பக்கவாட்டில் வெளியே இழுபட்டிருந்த சாவியைத் திருகி முள்ளை நகர்த்தினார். பிறகு கட்டைவிரலால் அதைப் பைய உள்ளே தள்ளினார். அந்த நொடியே டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது.

“என்ன அண்ணாச்சி, ரிப்பேர் இல்லையா?”

“வெடி வைக்கையில பத்து பேரு வாட்சும் ஒரே செகண்டு காட்டணும். அதுக்காவ, சாவிய வெளிய இழுத்தா முள்ளு அப்படியே நிக்குத மாதிரி செஞ்சிருக்கான்.” குரலைத் தாழ்த்தினார். “பாலத்துல அந்தப் பிள்ள ஓடி வாறத பாத்தேன். இழுத்துட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அத்தன பேரு சிரிக்கையில சொல்லியிருக்கலாமே...” என்று முணுமுணுத்தேன்.

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களும் சொல்லிராதீங்க தம்பி. தெரிஞ்சா அந்தப் பிள்ளைய எழுப்பி வெளிய அனுப்பிருவாக.”