ஆள்காட்டிக்குக் காவல்

நாலு முட்டையையும் காக்கை கொண்டுபோய்விட்டது என்றாள்.

சொல்லும்போது செருப்பு நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். நல்லவேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், காக்கை இன்னும் அங்கேயே நிற்கும் என்பது போல.

கோகிலா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதுதான் இவளுக்குச் சங்கடமாக இருந்தது.

சென்னியப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் பூங்காவைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் விட்டு, பறவைகளுக்குத் தொட்டி நிரப்பும் இந்தக் கூட்டத்துக்கு அவர்தான் எல்லாம். மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காக்கை வரும்வரை காவலுக்கு இருந்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார்.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

பம்ப் ரூமுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடென்று ஒன்றும் இல்லை. ஜல்லி நிறத்தில், ஜல்லிக்கு நடுவில், வெறுமனே கிடந்தன. முதலில் பார்த்தவள் இவள்தான். மிதிக்க இருந்த காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் ஒருவர் விடாமல் சொன்னதும் இவள்தான்.

அன்றிலிருந்து பூங்காவுக்கே பிரசவ வீட்டுக் களை வந்துவிட்டது.

சுற்றிலும் கயிறு கட்டினார்கள். யாரோ பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். நாய் விரட்ட ஒரு கம்பு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஆள் மாற்றி ஆள் காவல். முறை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

பறவைக்குத்தான் வீட்டுக்கு வர வழியில்லை.

சுவரோரமாக ஓடும். நிற்கும். கத்தும். மறுபடி ஓடும்.

தாயின் தவிப்பைப் பாருங்கள் என்று அவர்கள் உருகினார்கள்.

எல்லோரும் டீ குடிக்கப் பூங்கா வாசல் பக்கம் போன நேரத்தில், பம்ப் ரூம் மறைவில் இருந்த இவள் பார்த்தாள். பறவை நேராக நடந்து வந்தது. முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. திரும்பி வருகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடியது.

சித்திரை வெயில். குடையின் நிழல் நகர்ந்து சுவரில் விழுந்திருந்தது.

ஜல்லியில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

நாம் போய்விட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தாள். நாய் வந்தால் யார் பார்ப்பது, கீரி வந்தால் யார் பார்ப்பது என்றார் சென்னியப்பன். தள்ளித்தானே நிற்கிறோம் என்றார் டீச்சர். அத்தனையும் பாசம். பாசத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?

அதனால்தான் மறுநாள் தன் முறையில் காக்கையை வரவழைத்தாள்.

யாரும் வருவதற்கு முன்பே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியிருந்தாள். குடையையும் பிடுங்கி மடக்கி வைத்துவிட்டாள். கயிறு போனதும் முட்டைகளும் கண்ணிலிருந்து போய்விட்டன. இடம் தெரிந்தவளுக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கூட்டம் சீக்கிரமே கலைந்தது. யாரும் அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இவ்வளவு திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு நிம்மதியாக அவள் என்றுமே சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அடுத்த நாள் காலை அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கால் தானாக அங்கே திரும்பியது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு பயம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. சின்ன கேட்டுக்குக் குறுக்கு வழியில் போகிறவர்கள் அந்த ஜல்லியில்தான் நடப்பார்கள். கயிறும் இல்லை. காவலும் இல்லை. முட்டை இருப்பது யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

குறுக்கு வழி பிரியும் இடத்தில் இருக்கும் சிமெண்டு பெஞ்சில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். பம்ப் ரூமுக்கு முதுகு காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் உட்காருகிற ஆளே இல்லை.

வாக்கிங் போகும் ஒருவர் வேகமாக வந்து ஜல்லிப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் வேண்டாமுங்க," என்றார் சென்னியப்பன். "கட்டெறும்பு மொய்ச்சுக் கெடக்குது. சுத்தியே போயிருங்க."

வந்தவர் பாதையைச் சுற்றிப் போனார்.

வருஷக்கணக்காக அந்தப் பூங்காவைக் கூட்டுகிறவள் அவள். பம்ப் ரூமுக்குப் பின்னால் கட்டெறும்பு கிடையாது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. கோகிலா டீச்சர் துடைப்பத்தோடு நேராக அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்.

அவள் சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பரபரவென்று சொறிந்துகொண்டாள்.