கன்னத்துச் செல்கள்

பாளையங்கோட்டை ஆய்வகத்தின் ஜன்னலோரம் காலை வெயில் நுண்ணோக்கியில் விழுகிறது. நாற்று நடும் கூலிவேலைக்குப் போகிற வடிவம்மாள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். முப்பது வருஷம் புகையிலை அடக்கிய அவள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. அதிலிருந்து போன வாரம் எடுத்த துணுக்கு, கண்ணாடித் துண்டில் ஊதாவும் இளஞ்சிவப்புமாய் விரிந்து கிடக்கிறது. "வரிசையா இருக்கதெல்லாம் நல்ல செல்லு, யக்கா. அங்கன கறுப்பா, பெருசா நிக்குல்லா, அதுல மரபணு கெட்டிருக்கு. இன்னும் கெட்டா அடங்காமப் பெருகும். அதுதான் புத்துநோய்," என்கிறாள் டாக்டர் சுகிர்தா. "அப்ப எனக்கு?" கண்ணை எடுக்காமலே கேட்கிறாள் வடிவம்மாள். "இன்னும் அந்த அளவுக்குப் போகலை. திட்டை வெட்டி எடுத்திரலாம். புகையிலையை விட்டிரணும்." ஒரு வாரமாய் நெஞ்சில் நின்ற மூச்சு நீளமாய் வெளியேறுகிறது. சுகிர்தா கண்ணாடித் துண்டை எடுக்கக் கை நீட்டுகிறாள். வடிவம்மாள் நிமிரவில்லை. "பைய எடுங்க டாக்டரம்மா. நல்லதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்."