யாரு கை?

"என் பொண்ணு இங்கிலீஷ்ல சொல்லும் பாய். நீங்க மிஷினைப் பாருங்க."

மிராசுதார் இராஜாங்கம் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். லியாகத் அலிக்குச் சுருக்கென்றது.

திருத்துறைப்பூண்டியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் லியாகத் அலி. பினாங்கில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். மாதம் ஒரு சாயங்காலம், கடைக்கு எதிரே மேடை போட்டு மைக்கை நிறுத்திவிடுவார். யார் வேண்டுமானாலும் ஏறலாம். கவிதையோ, பாட்டோ, வாயில் வந்த பேச்சோ, எதுவும் சொல்லலாம். தமிழில் சொன்னதை உடனே இங்கிலீஷிலும், இங்கிலீஷில் சொன்னதைத் தமிழிலும் லியாகத் அலி சொல்வார்.

"கவர்மெண்டே இருமொழின்னு சொல்லிடுச்சு. நம்ம மேடைக்கு மட்டும் என்ன கேடு?" என்பார்.

அந்த வேலையைத்தான் இராஜாங்கம் இப்போது பிடுங்கித் தன் மகள் அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் தமிழ் இன்னும் பிடிபடாத வடநாட்டு சப் கலெக்டர் உட்கார்ந்திருந்தார். மேடையில் நின்றது ராமாயி.

ராமாயி, பக்கத்துக் கிராமத்தில் இராஜாங்கத்தின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் மனுக் கொடுத்தாள். கொடுத்த கொஞ்ச நாளிலேயே வாய்க்கால் கரை உடைந்து, பால் பிடித்திருந்த சம்பா முழுகிப்போனது. 'தண்ணீர் தானாக ஏறியது' என்று ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் எழுதிவிட்டார். கரையை வெட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

"பேரைச் சொல்ல மாட்டேன் பாய்" என்று ராமாயி முன்பே சொல்லியிருந்தாள். "சொன்னா நாளைக்கு அந்த ஊர்ல குடியிருக்க முடியாது. பயிரை மட்டும் பாடிட்டு எறங்கிடறேன்."

மைக்குக்கு முன்னால் நின்று அதையே பாடினாள்.

"நாத்து விட்டேன், நட்டு வச்சேன்,
 நாலு களை எடுத்து வச்சேன்.
ஆறு பெருகலை, அடை மழையும் கொட்டலை,
கண்ணெதிரே என் வயலு கடலாச்சே!
ஆத்துக்குப் பேரிருக்கு, வாய்க்காலுக்குப் பேரிருக்கு,
கரையை வெட்டின கைக்குப் பேரில்லையா?
மம்பட்டி புடிச்ச கை யாரு கை?
மண்ணே, நீயாச்சும் சொல்லு, யாரு கை?"

அழவில்லை. கையை ஆட்டவில்லை. நின்ற இடத்தில் நின்று கேட்டாள். கூட்டத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இராஜாங்கம் மட்டும் சிரித்த முகம் மாறாமல் மகளைப் பார்த்தார். "சொல்லும்மா. மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்கிறியே, சார் அசந்து போகணும்."

அம்சவல்லி மேடை ஏறினாள்.

"அவ்வளவுதான். மழுப்பிடும்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"அப்பன் சோத்தைத் தின்னுட்டு வேற என்ன செய்யும்?"

இங்கிலீஷ் தெரிந்த காலேஜ் பையன்கள் பரீட்சைக்குப் போயிருந்தார்கள். சப் கலெக்டரை விட்டால், அவள் சொல்லப்போவது புரிகிற ஆள் அங்கே லியாகத் அலி ஒருவர்தான். ஒரு வார்த்தை பிசகினாலும் எழுந்து கேட்டுவிடுவது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் மெதுவாக ஆரம்பித்தாள். நாற்று, களை, கடலான வயல், ஒவ்வொன்றாக வந்தது. முடியப்போகிற இடத்தில் நின்றாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடைசி வரியைச் சொன்னாள்.

ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்த லியாகத் அலியின் கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து கேட்க வேண்டும் என்று இருந்தவருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

முதலில் கைதட்டியது இராஜாங்கம்தான். கையெழுத்துப் போடுவதற்கு மேல் இங்கிலீஷ் தெரியாத மனிதர். "எப்படி? தண்ணி மாதிரிப் பேசுதுல்ல?" என்று பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டினார்.

சப் கலெக்டர் கைதட்டவில்லை. இராஜாங்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இராஜாங்கம் பூரித்துப்போய் ஒரு கும்பிடு போட்டார்.

அம்சவல்லி அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்குப் போகாமல், மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சப் கலெக்டர் போகிற போக்கில் லியாகத் அலியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கூட்டம் கலைந்தது. ராமாயி விடுவிடுவென்று வந்தாள்.

"மிராசுதாரே கைதட்டினாரே பாய். அப்ப அந்தப் பொண்ணு என் பாட்டை மாத்தித்தானே சொல்லுச்சு?"

"மாத்தித்தாம்மா சொல்லுச்சு."

"எனக்குத் தெரியும் பாய்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பெரிய எடத்துப் பொண்ணு. நம்ம பக்கமா பேசும்?"

"நாளைக்குக் காலைல சப் கலெக்டர் உன் வயலைப் பார்க்க வர்றாராம். கர்ணத்தையும் வரச் சொல்லியிருக்காராம்."

ராமாயி திகைத்தாள். "என் வயலையா? எதுக்கு? நான்தான் யாரு பேரையும் சொல்லலியே!"

லியாகத் அலி படியில் தனியாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

"நீ சொல்லலை. 'யாரு கை'ன்னு நீ கேட்டுட்டு விட்ட எடத்துல, 'எனக்கு நடை பழக்கின கை'ன்னு அது சொல்லிடுச்சும்மா."