அம்பு மடிந்த கல்

பூமியைத் துளைத்து உருவியெடுத்த உருளைக்கற்கள் பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. தொண்ணூறாவது மீட்டரில் ஒரு சாண் தாமிரத் தாது, அதன் மேல்பக்கம் கார்னெட் என்னும் செந்நிறக் கல்மணிகள். நூற்று முப்பதில் மீண்டும் அதே தாது, ஆனால் மணிகள் கீழ்ப்பக்கம். நூற்று எழுபதில் மறுபடியும் மேலே.

மூன்று அடுக்குகள் என்றால் இங்கே சுரங்கம் வரும். ஒரே அடுக்குதான் சூட்டில் வெந்து, நெரிபட்டு, மூன்றாக மடிந்திருக்கிறதென்றால் தாது போதாது, ஆய்வு முகாமைக் கலைக்க வேண்டியதுதான். நடுவில் மட்டும் மணிகள் கீழே புரண்டிருப்பது மடிப்பின் அடையாளம். நிலவியலாளர் மங்கையர்க்கரசி, பெட்டியில் கல் அடுக்கும் இருதயத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நடுக்கல்லத் தலைகீழா வச்சுட்டீங்களா?"

"இல்ல மேடம். கல்லு வெளிய வந்ததுமே கீழ்ப்பக்கம் பாத்து செவப்பு அம்பு போட்டுருவேன். அப்புறந்தான் பெட்டி. பதினெட்டு வருசத்துல ஒன்னுகூடத் தப்பினதில்ல."

அதற்குள் இருநூற்றுப் பத்தாவது மீட்டர்க் கல் துளைக் குழாயிலிருந்து நழுவி வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்த இருதயம் அப்படியே நின்றுவிட்டார். ஈரம் சொட்டும் கல்லில் ஏற்கெனவே ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அவர் கை போடும் அதே அம்பு. பாதிவரை கீழே இறங்கி, தாதுவோடு சேர்ந்து நெளிந்து, மேலே திரும்பியிருந்தது.

"இத நான் இன்னும் தொடவே இல்ல மேடம்," என்றார். "இதுல கீழ்ப்பக்கம் எது?"