கேள்வி தெரிந்த பிள்ளை

"நிப்பாட்டுங்க! இந்தப் பிள்ளைக்குக் கேள்வியெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

முன்வரிசையிலிருந்து எழுந்து, மேடையேறி, மைக்கைப் பிடுங்கிக்கொண்டார் ஜெயராசா முதலாளி. பதுளையில் பெரிய நகைக்கடை அவருடையது. இந்தப் பொது அறிவுப் போட்டியை நடத்தும் வர்த்தகர் சங்கத்துக்குத் தலைவர். ஊர் நியாயத்துக்கும் தானே தலைவர் என்பது அவருடைய நினைப்பு.

மேடையில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர். ஒருத்தி விதுஷா, கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளை. இன்னொருத்தி கம்சலா, முதலாளியின் மகள். இருவருக்கும் ஒரே புள்ளி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஜெயிக்கிறவளுக்கு லெப்டொப்.

"பெர்லின் சுவர் எந்த வருஷம் இடிஞ்சதுன்னு கேக்குறதுக்குள்ள மணிய அடிக்குது! ஒக்டோபஸுக்கு மூணு இதயம்னு சொல்லுது! தோட்டத்து லயத்து வீட்டுல இருக்குற பிள்ளைக்கு இதெல்லாம் எப்புடிங்க தெரியும்? கொஸ்லந்தையில கடல் இருக்கா?"

சபை சிரித்தது. பதுளையிலும்தான் கடல் இல்லை. கம்சலாவும்தான் அத்தனை கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொல்லியிருந்தாள். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நகைக்கடைக்காரர் வீட்டில் அறிவு தானாகவே ஊறும் போலிருக்கிறது.

"லைப்ரரி புத்தகத்துல படிச்சேங்க" என்றாள் விதுஷா. பாதிதான் வெளியே வந்தது. மீதி அழுகையாகிவிட்டது.

கடைசி வரிசையில் அவளுடைய அப்பா வீரய்யா எழுந்து நின்றார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பெரகலயில் பஸ் மாறி வந்தவர்.

"ஐயா, எம்மக களவு செய்யாதுங்க. லெப்டொப்கூட வேணாங்க. களவாணின்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. நாளைக்கு அது ஸ்கூலுக்குப் போகணும்ங்க."

"உக்காருங்கய்யா. ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. கேள்விய வெளிய விட்ட ஆள் மேலதான் கோவம்."

முதலாளியின் விரல், கேள்விகளைத் தயாரித்து நடத்திக்கொண்டிருந்த ஷுக்ரி சேர் பக்கம் திரும்பியது.

"சேர், நீங்க கொஸ்லந்தையில படிப்பிச்சவர்தானே?"

"ஆமா, படிப்பிச்சேன்."

"போதும். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டார்கள். ஒரு துணிக்கடைக்காரர் 'ச்சே' என்றார். பக்கத்திலிருந்தவர் அதைவிடப் பலமாக 'ச்சே' என்றார். ஒரு ஆளைக் கழுவி ஊற்றுவதென்றால் நம் ஆட்களுக்கு ஆதாரமெல்லாம் எதற்கு?

கம்சலா அப்பாவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா... வேணாம்ப்பா..."

"பாத்தீங்களா, அந்தப் பிள்ளைக்கு என்ன பெருந்தன்மை!" என்று ஒரு அம்மா உருகினார்.

"நீ சும்மா இரும்மா. எம் மகளுக்காக நான் பேசல. நேர்மைக்காகப் பேசுறேன்!"

அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

ஷுக்ரி சேர் பதறவே இல்லை. "தலைவர், பாக்கி இருக்குற கேள்வியையும் கேட்டுடுறேன். அதுக்குப் பிறகு என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க."

"தாராளமாக் கேளுங்க."

விடையைச் சின்னப் பலகையில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். இருவரும் சோக்கட்டியை எடுத்தார்கள்.

"வயலினுக்கு எத்தனை தந்தி?"

மண்டபத்தில் மறுபடியும் சிரிப்பு. கம்சலா சின்ன வயதிலிருந்தே வயலின் படிக்கிறாள். சரஸ்வதி பூசைக்குக் கோயிலில் வாசிப்பதே அவள்தான். முதலாளியின் முகம் அவருடைய கடைக் கண்ணாடிபோல மின்னியது. லெப்டொப் வீட்டுக்கு வந்த மாதிரிதான்.

விதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். நான்கு.

கம்சலா எழுத ஆரம்பித்து, நிறுத்தி, அப்பாவைப் பார்த்தாள். அவர் தைரியமாக எழுது என்று தலையை ஆட்டினார். எழுதினாள். ஆறு.

"விதுஷாவின் விடை சரி" என்றார் ஷுக்ரி சேர்.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. கையில் மைக் இருப்பதே மறந்துபோயிற்று.

"மானத்த வாங்கிட்டியேடி! ஊரே தூங்க முடியாம அத வச்சு இழுத்துக்கிட்டு இருக்கியே, வயலினுக்கு நாலு தந்தின்னு ஒனக்குத் தெரியாதா?"

கம்சலா ஓவென்று அழுதுவிட்டாள். அவள் சொன்னதும் அதே மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தெரியும்ப்பா! ஆனா, செக் பண்ணணும்னு சேர்கிட்ட கேள்வி-பதில் தாள வாங்கிட்டு வந்து என்னையப் பாடமாக்கச் சொன்னீங்களே, அதுல ஆறுன்னுதானே இருந்திச்சு!"