மணி அடித்த பிறகு

பௌத்தத் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய செண்பகவல்லி, சில வருடங்கள் ஒரு மடாலயத்தில் தியானம் பயின்றாள். அங்கே மணி அடித்தால் செய்வதை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும்.

கல்லூரியில் அன்று அவளுக்கு முதல் வகுப்பு. வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்கத் துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடியும் மணி அடித்தது. கரும்பலகையில் பாதி எழுத்தோடு, சாக்பீஸைத் தூக்கியபடியே அவள் கண்மூடி நின்றுவிட்டாள். பையை எடுத்த மாணவிகள் தயங்கினார்கள்.

“மேடத்துக்கு என்னடி ஆச்சு?”

“தெரியலடி. ஆனா நல்லாருக்கு, பேசாம நில்லு.”

அடுத்த வகுப்புக்கு வந்த ஆங்கிலப் பேராசிரியர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். துறைத்தலைவர் பாதி எழுந்த நிலையில், கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வைக்கத் தூக்கிய காலை ஆங்கிலப் பேராசிரியர் கீழே இறக்கவில்லை.