மஞ்சள் கோடு

திருவாரூர் சாலையோரக் கடையில் மதிய வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. எல்சி பிரஸ்ஸை அழுத்த, புது ஹைட்ராலிக் ஹோஸின் முனையில் இரும்புப் பூண் முனகிக்கொண்டே இறுகுகிறது. குறுவை வயலில் அறுப்பு மெஷினை எண்ணெய் ஒழுக நிறுத்திவிட்டு வந்த டிரைவர் பரணிதரன் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். அவன் கொண்டுவந்த வெடித்த ஹோஸை அவள் காலால் மேசைக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். அதன் நீளத்துக்கும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. குவைத்திலிருந்து திரும்பி இந்தக் கடையை வைத்த அவள் கணவர் கிளாட்சன், தான் செய்த ஒவ்வொரு ஹோஸிலும் இழுத்த கோடு. மாட்டும்போது முறுக்கிக்கொண்டால் அது காட்டிக்கொடுத்துவிடும். அவர் இறந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேய்ந்து, அவர் கைபட்டதில் இது ஒன்றுதான் மிச்சம்.

“கோடு கொஞ்சம் வளைஞ்சாலும் அண்ணன் விடமாட்டாரு. பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி சுத்திச் சுத்திப் பாப்பாரு” என்று சிரிக்கிறான். புது ஹோஸை வாங்கிக்கொண்டு, “பழச குடுங்க அண்ணி. நீளவாக்குல கிழிச்சு, உரசுற எடத்துல இதுக்குச் சட்டையா மாட்டணும். இல்லாட்டி இதுவும் தேஞ்சு வெடிச்சிடும்” என்கிறான்.

“வேற துண்டு தரட்டுமா பரணி?”

“புதுசையா கிழிப்பீங்க? மழை வருது அண்ணி. பாதி வயல் நிக்குது.”

எல்சி குனிந்து பழைய ஹோஸை எடுக்கிறாள். ஓரிடத்தில் பெயிண்ட் தடித்திருக்கிறது. யாரோ கூப்பிட்டு அவர் கை நின்ற இடமாக இருக்கும். அதைக் கட்டைவிரலால் தடவுகிறாள். பிறகு கோடு அறுபடாதபடி ஹோஸைத் திருப்பி வைஸ் பிடியில் இறுக்கிவிட்டு, வெட்டும் கிரைண்டரை எடுக்கிறாள்.